4294967297: ஃபெர்மா சறுக்கிய எண்

4294967297 என்று எழுதிக் காட்டினால் யாருடைய போன் நம்பரோ என்றுதான் நினைக்கத் தோன்றும். நம் கணக்கில் இது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. இந்த எண் வேறு ஏதாவது எண்ணால் மீதி இல்லாமல் வகுபடுமா, படாதா? இந்த ஒரே கேள்விக்கு 1640 முதல் 1732 வரை, 92 வருடம், சரியான விடை இல்லை. கேள்வியைக் கிளப்பியவர் ஃபெர்மா, முடித்து வைத்தவர் ஆய்லர். இரண்டு பேருமே எண்களோடு விளையாடுவதில் ஜாம்பவான்கள். அதில் ஒருவர் சறுக்கினார்.

பெரிய எண் ஒன்றைக் கொடுத்து இதன் பண்புகளைச் சொல் என்றால், பெரும்பாலும் நம் கண் முதலில் போவது அதன் இலக்கங்களுக்குத்தான். இலக்கங்கள் கொஞ்சம்தான் சொல்லும். அந்த எண் எப்படிக் கட்டப்பட்டது என்று கண்டுபிடித்துவிட்டால் மற்ற விஷயங்கள் தானாக வெளியே வரும். அதை இந்த ஒரு எண்ணை வைத்தே பார்த்துவிடலாம். பெருக்கல், வகுத்தல், மீதி, அடுக்கு தெரிந்தால் போதும். 12 இலக்கம் காட்டும் கடைக் கால்குலேட்டர் பக்கத்தில் இருந்தால் இன்னும் வசதி.

இலக்கங்களில் தெரிவது

கடைசி இலக்கம் 7. எனவே இது ஒற்றைப்படை எண், 5-ஆலும் வகுபடாது. இலக்கங்களைக் கூட்டுங்கள்: 4+2+9+4+9+6+7+2+9+7 = 59. இந்த 59 மூன்றால் வகுபடாது, அதனால் நம் எண்ணும் 3-ஆல் வகுபடாது. 3 போனால் 6, 9 எல்லாம் சேர்ந்து போயிற்று. 11-க்கான சோதனையில் வலப்பக்கத்திலிருந்து ஒரு இலக்கத்தைக் கூட்டி அடுத்ததைக் கழித்துக்கொண்டே போக வேண்டும்: 7−9+2−7+6−9+4−9+2−4 = −17. இது 11-இன் மடங்கு இல்லை. 7-ஆலும் 13-ஆலும் நேராகவே வகுத்துப் பார்த்தால் மீதி 5-ம் 10-ம் வருகிறது.

பள்ளியில் படித்த வகுபடும் விதிகள் ஏறக்குறைய இத்தோடு தீர்ந்தன. இதற்கு மேல் பகா எண்களை ஒவ்வொன்றாகப் போட்டு வகுத்துப் பார்க்க வேண்டும். (1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடுவது பகா எண், அதைவிட அதிகமான வகுத்திகள் இருந்தால் பகு எண்.) எதுவரை வகுப்பது? வர்க்கமூலம் வரை போதும். ஒரு எண் இரண்டு காரணிகளின் பெருக்கல் என்றால், இரண்டுமே வர்க்கமூலத்தைவிடப் பெரியதாக இருக்க முடியாதே. நம் எண்ணின் வர்க்கமூலம் 65536-ஐ விட ஒரு துளிதான் அதிகம். 65536-க்குள் இருக்கும் பகா எண்கள் 6542.

கம்ப்யூட்டருக்கு இது கண் சிமிட்டும் வேலை. 17-ஆம் நூற்றாண்டில் மயில் இறகுப் பேனாவோ வாத்து இறகுப் பேனாவோ, எதை எடுத்தாலும் 6542 நீண்ட வகுத்தல் என்பது யாரையும் மலைக்க வைக்கும்.

எப்படிக் கட்டப்பட்டது?

வர்க்கமூலம் 65536-க்கு இவ்வளவு அருகில் வந்தது தற்செயல் இல்லை. 65536-ஐ அதே எண்ணால் பெருக்கினால் 4294967296 வரும். நம் எண் அதைவிட ஒன்று அதிகம். அந்த 65536 எங்கிருந்து வந்தது? 256 × 256. 256 என்பது 16 × 16, 16 என்பது 4 × 4, 4 என்பது 2 × 2. ஆக 2-இல் தொடங்கி, வந்த விடையை வர்க்கப்படுத்திக்கொண்டே போய், கடைசியில் ஒன்றைக் கூட்டினால் நம் எண். அடுக்கில் எழுதினால் 2³² + 1.

ஒவ்வொரு படியிலும் ஒன்றைக் கூட்டி எழுதினால் இப்படி ஒரு வரிசை வரும்: 3, 5, 17, 257, 65537, 4294967297. இவைதான் ஃபெர்மா எண்கள். 2-இன் அடுக்கில் வரும் எண்ணைப் பாருங்கள்: 1, 2, 4, 8, 16, 32. ஏன் இவை மட்டும்? அடுக்கில் ஒற்றைப்படைக் காரணி ஒன்று (1 தவிர) இருந்துவிட்டால் அந்த எண் கட்டாயம் உடையும். 2³ + 1 = 9, இது 3-ஆல் வகுபடும். 2⁶ + 1 = 65, இது 5-ஆல். 2¹² + 1 = 4097, இது 17-ஆல். ஒன்றைக் கூட்டியும் உடையாமல் நிற்க வாய்ப்புள்ளவை, அடுக்கு தானே 2-இன் அடுக்காக இருப்பவை மட்டும்தான்.

கட்டுமானம் தெரிந்ததும் சின்னச் சின்ன விஷயங்களுக்கும் காரணம் கிடைக்கிறது. கடைசி இலக்கம் ஏன் 7? 16-க்குக் கடைசி இலக்கம் 6. 6-இல் முடியும் எண்ணை வர்க்கப்படுத்தினால் மறுபடி 6-இல்தான் முடியும், ஆறாறு முப்பத்தாறு. அதோடு ஒன்று சேர்ந்தால் 7. எனவே 17-க்குப் பிறகு வரும் எல்லா ஃபெர்மா எண்களும், எத்தனை கோடி இலக்கம் இருந்தாலும், 7-இல்தான் முடிந்தாக வேண்டும். 0, 1 இரண்டை மட்டும் வைத்து எழுதும் இரும முறையில் எழுதினால் இன்னும் எளிது: முன்னால் ஒரு 1, பின்னால் ஒரு 1, நடுவில் 31 பூஜ்யங்கள். பத்து இலக்கத்தில் கன்னாபின்னாவென்று தெரிந்த எண்தான் இது.

கடிதத்தில் வந்த நம்பிக்கை

பியேர் தெ ஃபெர்மா தொழில்முறைக் கணிதர் இல்லை. பிரான்ஸில் துலூஸ் நகர நீதிமன்றத்தில் பதவி வகித்த சட்டக்காரர். கணிதம் அவருக்குப் பொழுதுபோக்கு. கண்டுபிடித்ததைப் புத்தகமாகப் போடும் வழக்கமும் இல்லை, நண்பர்களுக்குக் கடிதம் எழுதுவதோடு சரி. 1640-இல் எழுதிய கடிதங்களில், இந்த வரிசையில் வரும் எல்லா எண்களும் பகா எண்கள் என்று தான் நம்புவதாகச் சொன்னார். முழு நிரூபணம் கையில் இல்லை என்பதையும் மறைக்கவில்லை.

நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. 3, 5, 17, 257, 65537 ஐந்துமே பகா எண்கள்தான். முதல் ஐந்தும் பலித்தால் ஆறாவதும் பலிக்கும் என்று மனசு சொல்லும். கணிதத்தில் இந்த மாதிரி மனசு சொல்வதற்கு மதிப்பு இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேடினாலும் கிடைக்காது.

1729 டிசம்பரில் கோல்ட்பாக் என்ற கணிதர், ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் ஃபெர்மாவின் இந்தக் கூற்று தெரியுமா என்று கேட்டார். ஆய்லர் அப்போது ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அகாடமியில் இருந்த இளைஞர். முதலில் அவர் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. பிறகு பிடித்துக்கொண்டது. 1732-இல், 25 வயதில், விடையை வைத்தார்:

4294967297 = 641 × 6700417

கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். 6700417-ஐ 600-ஆல் பெருக்கினால் 4020250200, 41-ஆல் பெருக்கினால் 274717097, இரண்டையும் கூட்டினால் நம் எண் வந்து நிற்கும்.

641 என்பது பகா எண்களின் வரிசையில் 116-ஆவது. அதாவது எந்தத் தந்திரமும் இல்லாமல் 2, 3, 5, 7 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே வந்திருந்தால்கூட 116-ஆவது வகுத்தலில் ஃபெர்மாவுக்கு விடை கிடைத்திருக்கும். 6542 வரை போக வேண்டியதே இல்லை. ஆய்லருக்கு அந்த 116-ம் தேவைப்படவில்லை, ஐந்தே போதும் என்கிற அளவுக்கு ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்.

64 என்னும் சல்லடை

இந்தக் குறுக்குவழிதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

2-இன் அடுக்குகளை 17-ஆல் வகுத்து மீதிகளை மட்டும் எழுதுங்கள். 2, 4, 8, 16 வரை மீதி அதே எண்தான். அடுத்து 32, இதற்கு மீதி 15. அதை இரட்டிப்பாக்கி 17-ஐக் கழித்தால் 13. பிறகு 9. பிறகு 1. ஒன்று வந்துவிட்டதா, அப்புறம் மறுபடி 2, 4, 8 என்று முதலிலிருந்து ஓடும். கடிகார முள் மாதிரி இந்த மீதிகள் சுற்றிச் சுற்றி வருகின்றன. இங்கே ஒரு சுற்றின் நீளம் 8.

இதில் நான்காவது இடத்தைக் கவனியுங்கள். 2⁴-க்கு மீதி 16. அது 17-க்கு ஒன்று குறைவு, அதாவது மீதியை −1 என்றும் சொல்லலாம். −1-ஐ வர்க்கப்படுத்தினால் 1. அதனால்தான் நான்கின் இரட்டிப்பான எட்டாவது இடத்தில் மீதி 1 வந்து சுற்று முடிந்தது.

இப்போது நம் எண்ணுக்கு வருவோம். ஏதோ ஒரு பகா எண் 2³² + 1-ஐ மீதி இல்லாமல் வகுக்கிறது என்று வையுங்கள். அப்படியானால் அதால் வகுக்கும்போது 2³²-க்கு மீதி −1. எனவே 2⁶⁴-க்கு மீதி 1. சுற்றின் நீளம் 64-ஐ வகுக்க வேண்டும், அதாவது 1, 2, 4, 8, 16, 32, 64 இவற்றில் ஒன்று. 32-ஓ அதற்குக் கீழோ இருந்தால் 2³²-க்கே மீதி 1 வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஆகவே நீளம் சரியாக 64.

இங்கேதான் ஃபெர்மாவின் சிறிய தேற்றம் என்று இன்று சொல்லப்படும் விஷயம் உள்ளே வருகிறது. ஒரு பகா எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதால் வகுபடாத எண் ஒன்றை, பகா எண்ணில் ஒன்று குறைத்த அடுக்குக்கு உயர்த்துங்கள். அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி எப்போதும் 1. உதாரணம் 7: 2⁶ = 64, அது 63-ஐ விட ஒன்று அதிகம். சரி, இதை நம் சுற்றோடு சேர்த்தால் என்ன கிடைக்கிறது? மீதி 1 வருவது 64, 128, 192 என்று 64-இன் மடங்குகளில் மட்டும். எனவே நாம் தேடும் பகா எண்ணில் ஒன்றைக் குறைத்தால் அது 64-இன் மடங்காக இருந்தாக வேண்டும்.

ஆக, 64-இன் மடங்கோடு ஒன்று கூட்டினால் வரும் எண்களை மட்டும் சோதித்தால் போதும்: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641... இவற்றில் 65, 129, 321, 385, 513 பகு எண்கள், தள்ளிவிடலாம். மிஞ்சியவை 193, 257, 449, 577, 641. நம் எண்ணை இவற்றால் வகுத்தால் மீதி முறையே 109, 2, 325, 288, 0. ஐந்தாவது முயற்சியிலேயே காரணி அகப்பட்டது.

கடைசி வகுத்தலைக் கையாலேயே செய்து பார்க்கலாம், பத்து இலக்க எண்ணைத் தொடவே வேண்டாம். 65536-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி 154. 2³² என்பது 65536-இன் வர்க்கம் என்பதால் மீதியையும் வர்க்கப்படுத்துங்கள்: 154 × 154 = 23716. 641 × 37 = 23717. ஒன்று குறைகிறது. நம் எண்ணில் அந்த ஒன்று கூடுதலாக இருக்கிறது. முடிந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சிறிய தேற்றத்தை ஃபெர்மா கடிதத்தில் எழுதியதும் அதே 1640-இல்தான். தன் நம்பிக்கையை உடைக்கும் சுத்தியலைத் தானே செய்து மேசைமேல் வைத்திருந்தார். அவரும் இந்த வகுத்தல்களைப் போட்டிருப்பார், எங்கேயோ கைக்கணக்கில் பிசகியிருக்கும் என்று ஊகிப்பவர்கள் உண்டு. எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது.

இன்னொருவர் இந்தக் காரணியைக் கண்டதும் பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்த ஜீரா கோல்பர்ன் என்ற சிறுவனை 1812 வாக்கில் லண்டனில் மேடையேற்றி மனக்கணக்குக் கேட்பார்கள். வயது எட்டை ஒட்டித்தான் இருக்கும். 4294967297-க்குக் காரணி உண்டா என்று கேட்டதற்கு 641 என்று சொல்லிவிட்டான். எப்படிக் கண்டுபிடித்தாய் என்றால் அப்போது அவனுக்கு விளக்கத் தெரியவில்லை.

மற்ற காரணியான 6700417 பகா எண்தானா? அதே சல்லடை இதற்கும் பொருந்தும். இதன் வர்க்கமூலம் 2588 சொச்சம், அதற்குள் 64-இன் மடங்கோடு ஒன்று என்ற வடிவில் உள்ள பகா எண்கள் கொஞ்சம்தான், எதுவும் வகுக்கவில்லை. எனவே பகா எண். நம் எண்ணுக்கு மொத்தம் நான்கே வகுத்திகள்: 1, 641, 6700417, அப்புறம் அதுவே. தன்னைத் தவிர மற்ற மூன்றையும் கூட்டினால் 6701059. எண்ணோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. வகுத்திகளின் கூட்டல் எண்ணுக்கே சமமாக வரும் 6, 28 போன்ற நிறைவான எண்களின் பக்கத்தில்கூட இது வராது.

இரண்டு வர்க்கங்களின் கூட்டல்

நம் எண்ணைக் காரணி தேடாமலே பகு எண் என்று காட்ட வேறொரு வழி இருக்கிறது. இது அழகான வழி.

2³² + 1 என்பது 65536² + 1². அதாவது இரண்டு வர்க்கங்களின் கூட்டல். பகா எண் ஒன்றை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடிந்தால், ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும் என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம். 13 என்றால் 9 + 4 மட்டும். 17 என்றால் 16 + 1 மட்டும். ஆனால் நம் எண்ணை இப்படியும் எழுதலாம்:

62264² + 20449² = 3876805696 + 418161601 = 4294967297

இரண்டாவது விதம் கிடைத்தவுடனேயே அது பகா எண் இல்லை என்று முடிவாகிவிட்டது. காரணி எது என்று இன்னும் தெரியாது, இருக்கிறது என்பது மட்டும் உறுதி.

இந்த இரண்டாவது விதம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரம்மகுப்தரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு சமன்பாடு இருக்கிறது: இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக உள்ள இரண்டு எண்களைப் பெருக்கினால் விடையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாகவே வரும், அதுவும் பொதுவாக இரண்டு விதத்தில். நம் காரணிகள் இரண்டுமே அப்படிப்பட்டவை. 641 = 25² + 4². 6700417 = 2556² + 409². இப்போது குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்குங்கள்:

25 × 2556 = 63900
4 × 409 = 1636
25 × 409 = 10225
4 × 2556 = 10224

முதல் இரண்டைக் கூட்டினால் 65536, கடைசி இரண்டைக் கழித்தால் 1. இதுதான் 65536² + 1². மாற்றிச் செய்யுங்கள்: முதல் இரண்டைக் கழித்தால் 62264, கடைசி இரண்டைக் கூட்டினால் 20449. இதுதான் அந்த இன்னொரு விதம். 10225-ம் 10224-ம் ஒன்றே ஒன்று வித்தியாசத்தில் நிற்பதைக் கவனித்தீர்களா? நம் எண்ணின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த + 1 இங்கிருந்துதான் வருகிறது.

திரும்பிப் போகவும் வழி இருக்கிறது. இரண்டு விதங்களும் கையில் இருந்து காரணிகள் மட்டும் தெரியாது என்று வையுங்கள். 65536-இலிருந்து 62264-ஐக் கழித்தால் 3272. 20449-இலிருந்து 1-ஐக் கழித்தால் 20448. இரண்டுக்கும் பொதுவான மிகப் பெரிய வகுத்தி 8. வகுத்தால் 409, 2556. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 6700417. காரணி வெளியே வந்துவிட்டது. கழித்தல், வகுத்தல், கடைசியில் வர்க்கங்களின் ஒரு கூட்டல், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு எண்கள்

ஒரு எண்ணைப் புரிந்துகொள்ள அதற்கு முன்னால் இருக்கும் எண்களையும் பார்ப்பது நல்ல பழக்கம். நம் எண்ணுக்கு முந்திய இரண்டும் அதைவிடப் பிரபலமானவை.

ஒன்று குறைத்தால் 4294967296. இதில் 2-ஐத் தவிர வேறு பகாக் காரணியே கிடையாது, வகுத்திகள் 33. 32 பிட்டுகளில், அதாவது 32 இரும இலக்கங்களில், எழுதக்கூடிய வெவ்வேறு எண்கள் இத்தனை. பழைய ஐபி முகவரி முறையில் உலகத்துக்கே மொத்தமாக இருக்கக்கூடிய முகவரிகளும் இத்தனைதான், உலக மக்கள்தொகைக்குக்கூடக் காணாது. குறி இல்லாத 32 பிட் இடத்தில் நம் 4294967297-ஐத் திணித்தால் அது கொள்ளாமல் வழிந்து வெறும் 1 ஆகத் தங்கிவிடும். ப்ரோக்ராம் எழுதுபவர்களுக்கு இந்த வகைத் தொல்லை பழக்கம்.

இன்னும் ஒன்று குறைத்தால் 4294967295. சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்தில் ஒரு தானியம், அடுத்ததில் இரண்டு, பிறகு நான்கு என்று வைக்கும் கதை தெரிந்திருக்கும். சரியாகப் பாதிப் பலகை, 32 கட்டங்கள், நிரம்பும்போது இருக்கும் தானியங்கள் இத்தனை. இந்த எண் உடையும் விதம் கண்ணுக்குக் குளிர்ச்சி. 65536² − 1 என்பதால் 65535 × 65537 என்று பிரியும். 65535-ஐ மறுபடி 255 × 257 என்று பிரிக்கலாம். 255 என்பது 15 × 17. 15 என்பது 3 × 5. ஆக:

4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537

முந்தைய ஃபெர்மா எண்கள் ஐந்தும் வரிசையாக நிற்கின்றன. நம் எண் இந்தப் பெருக்கலைவிட 2 அதிகம். அதனால்தான் மேலே 257-ஆல் வகுத்தபோது மீதி 2 வந்தது. 3, 5, 17, 65537 எதனால் வகுத்தாலும் அதே 2-தான் வரும். எந்த இரண்டு ஃபெர்மா எண்களுக்கும் பொதுவான காரணி இல்லை என்பதும் இதிலிருந்தே கிடைக்கிறது.

இந்தப் பெருக்கலுக்கு வடிவியலிலும் ஒரு வேலை இருக்கிறது. 1796-இல் 18 வயது ஜெர்மானியக் கணிதர் காஸ், அளவுகோலும் காம்பஸும் மட்டும் கொண்டு ஒழுங்கான (பக்கங்களும் கோணங்களும் சமமான) 17 பக்க உருவத்தை வரைய முடியும் என்று காட்டினார். பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருந்தால் மட்டுமே வரைய முடியும். தெரிந்த ஐந்து ஃபெர்மா பகா எண்களையும் மொத்தமாகப் பெருக்கினால் 4294967295. எனவே இப்படி வரையக்கூடியதாக இன்றுவரை தெரிந்த ஒற்றைப்படைப் பக்க உருவங்களில் மிகப் பெரியதன் பக்கங்கள் இத்தனை. ஃபெர்மா சொன்னது பலித்திருந்தால் 4294967297 பக்கமும் பட்டியலில் சேர்ந்திருக்கும். 641 வந்து கெடுத்தது. யாரும் காகிதத்தில் வரையப் போவதில்லை என்பது வேறு விஷயம்: கோடி கோடியாய்ப் பக்கங்கள், கண்ணுக்கு வட்டம்தான்.

சோதனையை ஏமாற்றும் எண்

சிறிய தேற்றத்தைத் தலைகீழாகப் பயன்படுத்தி, ஒரு எண் பகா எண்ணா என்று சோதிக்கும் பழக்கம் உண்டு. 2-ஐ, எண்ணில் ஒன்று குறைத்த அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணாலேயே வகுத்துப் பார்ப்பது. மீதி 1 வரவில்லை என்றால் நிச்சயம் பகு எண். 1 வந்தால்? பெரும்பாலும் பகா எண், ஆனால் உத்தரவாதம் இல்லை.

நம் எண் இந்தச் சோதனையில் பாஸாகிவிடும். 2³²-க்கு மீதி −1, 2⁶⁴-க்கு மீதி 1. சோதனையில் வரும் அடுக்கு 4294967296, அது 64-இன் மடங்கு. ஆகவே மீதி 1. பகு எண்ணாக இருந்துகொண்டே பகா எண் வேஷம் போடுகிறது. உண்மையில் எல்லா ஃபெர்மா எண்களும் 2-ஐ வைத்துச் சோதித்தால் பாஸ்தான், அவை கட்டப்பட்ட விதமே அப்படி. 2-க்குப் பதில் 3-ஐ வைத்துச் சோதித்தால் குட்டு உடைந்துவிடும். 1877-இல் பெப்பாங் என்ற பிரெஞ்சுக்காரர் 3-ஐ வைத்தே ஃபெர்மா எண்களுக்கென்று தனியாக, தப்பவே முடியாத ஒரு சோதனையை அமைத்தார்.

அந்தச் சோதனையில் ஒரு விசித்திரம் இருக்கிறது. எண் உடையும் என்று சொல்லிவிடும், எங்கே உடையும் என்று சொல்லாது. 39 இலக்கம் கொண்ட 2¹²⁸ + 1 பகு எண் என்று 1905-இலேயே தெரிந்துவிட்டது. அதன் காரணிகள் கைக்கு வந்தது 1970-இல், கம்ப்யூட்டர் வைத்து. இடைப்பட்ட 65 வருடம், வகுபடும் ஆனால் எதனால் என்று தெரியாது என்ற நிலை. 4294967297-க்கு அடுத்த தம்பியான 18446744073709551617 பரவாயில்லை, 1880-இல் லாண்ட்ரி என்பவர் அதை 274177 × 67280421310721 என்று உடைத்தார். 274177-இல் ஒன்றைக் குறைத்துப் பாருங்கள், 128-இன் மடங்கு. அதே சல்லடைதான், ஓட்டை மட்டும் பெரிசு.

65537-க்குப் பிறகு ஒரு ஃபெர்மா பகா எண்கூட இன்றுவரை அகப்படவில்லை. அந்த 65537-க்கு இப்போது இணையத்தில் பெரிய உத்தியோகம்: ஆர்எஸ்ஏ என்ற ரகசியக் குறியாக்க முறையின் பூட்டுகளில், எல்லாருக்கும் தெரியும்படி வைக்கும் பொதுச் சாவியின் அடுக்காகப் பெரும்பாலும் அதைத்தான் வைக்கிறார்கள். இரும முறையில் இரண்டே இரண்டு 1 இருப்பதால் கணக்கு வேகமாக முடியும். அந்தப் பூட்டின் அடிப்படை எண்ணும் நம் எண் போல இரண்டு பகா எண்களின் பெருக்கல்தான், ஆனால் 600 இலக்கத்துக்கு மேல். 641 மாதிரி சின்னக் காரணி எதுவும் மாட்டிவிடாதபடி பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள்.

நம் எண்ணிலிருந்து தொடங்கி அடுத்தடுத்து 28 ஃபெர்மா எண்கள், ஒன்று விடாமல் பகு எண்கள் என்று நிரூபித்தாகிவிட்டது. 29-ஆவதைப் பற்றித்தான் இன்னும் முடிவு இல்லை. அதை எழுத வேண்டுமானால் 258 கோடிக்கும் மேல் இலக்கங்கள் தேவை. கடைசி இலக்கம் மட்டும் இப்போதே தெரியும், 7.